காம்ப்டன் களிமண்: மேரி வாட்ஸின் ஊருக்கு ஒரு பயணம்

செவ்வாய், லண்டன்

இந்த வாரத்தை ஒரே ஒரு பெண்ணின் வேலையைப் பார்ப்பதற்காக ஒதுக்கியிருக்கிறேன். அவர் பெயர் மேரி சீட்டன் வாட்ஸ். விக்டோரியா காலத்து ஆங்கில ஓவியம் பற்றிக் கொஞ்சம் படித்தவர்களுக்கு வாட்ஸ் என்றதும் ஜார்ஜ் ஃபிரெடரிக் வாட்ஸ்தான் நினைவுக்கு வருவார். இங்கிலாந்தின் மைக்கலாஞ்சலோ என்று தன் காலத்தில் புகழப்பட்டவர். மேரி அவருடைய இரண்டாவது மனைவி. கலை வரலாற்றில் மேரிக்கு வெகுகாலம் கிடைத்த இடம் அந்த ஒரு வரிதான்.

ஆனால் லண்டனுக்குத் தென்மேற்கே, சரே மாவட்டத்தில், காம்ப்டன் என்ற சிற்றூரில் ஒரு சிற்றாலயம் இருக்கிறது. வடிவமைத்தவர் மேரி. அதை மூடியிருக்கும் சுடுமண் வேலையைச் செய்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். விவசாயக் கூலிகள், வேலைக்காரப் பெண்கள், பெரிய வீட்டுச் சீமாட்டிகள் எல்லோரும் அதில் உண்டு. அதன் படத்தைப் பல வருடங்களுக்கு முன் ஒரு பத்திரிகையில் பார்த்ததிலிருந்தே நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசை மனதில் இருந்தது. ஈஸ்ட் ஹாமில் இருக்கும் சித்தி மகள் வீட்டில் தங்கிக்கொண்டு இப்போதுதான் அது கைகூடுகிறது.

காம்ப்டனுக்கு நாளைக்குத்தான். இன்று லண்டனில் மேரியின் தடம் இருக்கும் இடங்கள்.

காலையில் சவுத் கென்சிங்டன். விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தோடு சேர்ந்திருந்த கலைப்பள்ளியில்தான் மேரி முதலில் படித்தார். அதன்பின் 1872இல் கோவர் தெருவிலுள்ள ஸ்லேட் கலைப்பள்ளி. 1871இல் தொடங்கிய அந்தப் பள்ளி ஆரம்பத்திலிருந்தே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அன்றைய நிலைமையில் அது பெரிய விஷயம். பாரிஸ் கம்யூன் என்ற புரட்சி அரசு வீழ்ந்தபின் லண்டனுக்கு ஓடிவந்திருந்த பிரெஞ்சுச் சிற்பி தாலூவிடமும் மேரி சிற்பம் கற்றார். மண்ணைக் கையாளும் அந்தப் பயிற்சி அவருக்கு எங்கே உதவியது என்பதை நாளை பார்க்கப் போகிறேன்.

கொஞ்சம் முன்கதை. மேரி பிறந்தது இந்தியாவில், 1849 நவம்பர் 25 அன்று, இன்றைய மகாராஷ்டிரத்தில் இருக்கும் அகமத்நகரில். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. சின்ன வயதிலேயே தாயை இழந்த மேரியும் சகோதரிகளும் ஸ்காட்லாந்தில், நெஸ் ஏரிக்கரையில் உள்ள ஆல்டூரி என்ற இடத்தில், தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார்கள். கெல்டிக் முடிச்சு வேலைப்பாடுகள் மேல் மேரிக்கு இருந்த பற்று அந்த மண்ணில் முளைத்தது என்றுதான் நினைக்கிறேன்.

1868இல் ஜூலியா மார்கரெட் கேமரன் எடுத்த புகழ்பெற்ற புகைப்படம் ஒன்று உண்டு. மலர்களுக்கு நடுவே நான்கு இளம்பெண்கள். நால்வரும் ஃபிரேசர் டைட்லர் சகோதரிகள், அவர்களில் ஒருவர் மேரி. கேமரன் கல்கத்தாவில் பிறந்தவர். பின்னாளில் காப்பித் தோட்டம் வைத்திருந்த கணவரோடு இலங்கைக்குப் போய், 1879இல் அங்கேயே இறந்தார். மலையகத்தில் பொகவந்தலாவை தேவாலய வளாகத்தில் அவர் கல்லறை இருக்கிறது. அந்தப் பக்கம் போகிற மலையகத் தமிழர்கள் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். கேமரனின் தங்கை சாரா பிரின்செப் வீட்டில்தான் ஓவியர் வாட்ஸ் பல ஆண்டுகள் தங்கியிருந்தார். மேரி அவரை முதலில் சந்தித்ததும் இந்த வட்டாரத்தின் மூலமாகத்தான்.

மதியத்துக்கு மேல் செயின்ட் பால் பேராலயத்துக்கு வடக்கே, போஸ்ட்மேன்ஸ் பார்க். அலுவலகக்காரர்கள் மதிய சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து உட்கார்ந்திருக்கும் சின்னப் பூங்கா. அதன் ஓரத்தில் ஒரு தாழ்வாரம், அதன் சுவர் முழுக்க மெருகேற்றிய ஓடுகள். ஒவ்வொன்றிலும் பிறரைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட ஒரு சாதாரண மனிதரின் பெயரும் கதையும். ஆலிஸ் அயர்ஸ் என்ற பெண்ணின் ஓட்டின் முன் வெகுநேரம் நின்றேன். கொத்தனாரிடம் கூலிவேலை செய்தவரின் மகள். 1885 ஏப்ரலில் யூனியன் தெருவில் எரிந்த வீட்டிலிருந்து மூன்று குழந்தைகளைக் காப்பாற்றிவிட்டு இறந்துபோனவர்.

இந்த நினைவுச்சுவர் ஓவியர் வாட்ஸின் யோசனை. 1900இல் திறந்தபோது நான்கே ஓடுகள்தான் பதித்திருந்தார்கள். நான்கு ஆண்டுகளில் அவர் இறந்துவிட்டார். மிச்ச வேலை மேரியின் தலையில் விழுந்தது. வில்லியம் டி மார்கனின் ஓட்டுத் தொழிற்சாலை மூடப்பட்டதும் டௌல்டன் நிறுவனத்திடம் செய்யச்சொல்லித் தொடர்ந்தார். இன்று சுவரில் இருப்பவற்றில் பெரும்பாலானவை ஓவியர் காலத்துக்குப் பின் வந்தவை. ஆனால் அங்கே வருகிறவர்கள் வாட்ஸ் என்று படித்துவிட்டு நினைப்பது கணவரை மட்டும்தான்.

புதன், கில்ஃபோர்ட் வழியாகக் காம்ப்டன்

வாட்டர்லூவிலிருந்து கில்ஃபோர்ட் வரை ரயிலில் நாற்பது நிமிடம். கில்ஃபோர்ட் அழகான ஊர், கல் பாவிய சரிவான கடைத்தெரு, ஒரு பழைய கோட்டை. இன்று எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

கில்ஃபோர்டிலிருந்து காம்ப்டனுக்குப் பேருந்து உண்டு. நான் நடந்தேன். வே ஆற்றங்கரையோடு தெற்கே கொஞ்ச தூரம் போய், அப்புறம் மேற்கே திரும்பி நார்த் டவுன்ஸ் வே என்ற நடைபாதையைப் பிடித்தால் காம்ப்டன் வரை அதுவே கொண்டுபோய்விடும். நாலைந்து கிலோமீட்டர் இருக்கும். கால் புதையும் மணல் பாதை, இருபுறமும் வேலி மரங்கள், நடுவே ஆட்டுமந்தை மேயும் வயல்கள். ஜூன் மாத வெயில் இதமாக இருந்தது. இப்படி மணல் நிறைந்த பூமியில் இவர்களுக்குக் களிமண் எப்படிக் கிடைத்தது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். வாட்ஸ் தம்பதியின் நிலத்திலேயே நல்ல களிமண் படுகை ஒன்று இருந்திருக்கிறது. அது இல்லாவிட்டால் நான் பார்க்க வந்த எதுவும் இல்லை.

கல்லறைத் தோட்டத்தின் வாசலில் நின்றால் புல்மேட்டின் மேல் சிற்றாலயம் தெரிகிறது. செக்கச்செவேல் என்ற கட்டடம். சுற்றிலும் பச்சை என்பதால் அந்தச் சிவப்பு இன்னும் பளீரென்று அடிக்கிறது. சரே கிராமம் ஒன்றில் எதிர்பார்க்கக்கூடிய கட்டடமே அல்ல இது. பைசாந்தியம், கெல்டிக், எகிப்து என்று பல சாயல்கள் ஒரே சுவரில் தெரிகின்றன. தரைத்திட்டம் எளிமையானது. ஒரு வட்டம், அதை ஊடறுத்து நிற்கும் ஒரு சிலுவை. வட்டம் முடிவில்லாக் காலம், சிலுவை நம்பிக்கை என்பது மேரியின் விளக்கம்.

இது ஏன் கட்டப்பட்டது என்று சொல்ல வேண்டும். ஊர்த் தேவாலயத்தின் இடுகாடு நிரம்பிவிட்டது. 1894 சட்டத்தின்படி புதிதாக உருவான ஊர் மன்றம் இந்த மேட்டை வாங்கிப் புதிய கல்லறைத் தோட்டம் அமைத்தது. அதற்கு ஒரு சிற்றாலயம் தேவைப்பட்டது. நான் வடிவமைத்துத் தருகிறேன் என்று மேரி முன்வந்தார். கட்டடக் கலைஞராகப் பயிற்சி பெற்றவர் அல்ல. ஆனால் மனதில் தெளிவான திட்டம் இருந்தது. சாவைப் பற்றி ஊரே சேர்ந்து யோசிக்கிற இடத்தை ஊரே சேர்ந்து கட்ட வேண்டும் என்பது அந்தத் திட்டம். பணம் கணவர் தந்தார். அதற்காகவே கேட்டவர்களுக்கு உருவப்படம் வரைந்து கொடுத்தார்.

1895 நவம்பரில் தங்கள் வீட்டிலேயே வியாழக்கிழமை மாலை வகுப்புகளை மேரி தொடங்கினார். வகுப்புக்குக் கட்டணம் இல்லை, யார் வேண்டுமானாலும் வரலாம். இதற்கு முன்பே லண்டனின் வைட்சேப்பல் பகுதியில் பூட்ஸ் துடைக்கும் பையன்களுக்குக் களிமண் வேலை கற்றுக்கொடுத்த அனுபவம் அவருக்கு இருந்தது. வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை நேரத்தில் கைத்தொழில் கற்பிக்கும் இயக்கம் ஒன்று 1884இலிருந்து நடந்துவந்தது. மேரி அதில் உறுப்பினர். காம்ப்டன் வகுப்பில் சேர்ந்து இந்தச் சுவர்களுக்கு ஓடு வனைந்தவர்கள் 70 பேருக்கும் மேல். அவர்களுடைய பெயர்கள் பதிவாகியிருக்கின்றன.

சுவரை நெருங்கிப் பார்த்தால் அந்த 70 பேரும் தெரிகிறார்கள், அதுதான் ஆச்சரியம். வாசல் வளைவைச் சுற்றி வரிசையாகத் தேவதை முகங்கள். ஒன்று உருண்டை முகம், ஒன்றுக்கு மூக்கு கொஞ்சம் நீளம், இன்னொன்றின் கண்கள் ஆழமாகக் குடையப்பட்டிருக்கின்றன. கொடி முடிச்சுகளிலும் அப்படித்தான். ஒருவர் கோட்டைக் கூர்மையாக இழுத்திருக்கிறார், பக்கத்து ஓட்டைச் செய்தவர் விரலால் வழித்து மழுங்கவிட்டிருக்கிறார். மேரி வரைந்து கொடுத்த கோடு ஒன்றுதான். அதற்குள் ஒவ்வொரு கையும் தன் பழக்கப்படி நடந்திருக்கிறது. அதையெல்லாம் திருத்தி ஒரே மாதிரி ஆக்கியிருக்க மேரியால் முடியும், தாலூவிடம் படித்தவர். அவர் அப்படிச் செய்யவில்லை. இந்தக் கட்டடத்தில் நான் மிகவும் மதிக்கிற முடிவு இதுதான்.

சுடுமண் வேலை செய்தவர்களுக்கு இதிலிருக்கும் சிரமம் தெரியும். களிமண் காயும்போதும் சூளையில் வேகும்போதும் பத்தில் ஒரு பங்கு வரை சுருங்கும். ஓடு கனமாக இருந்தால் உள்ளே ஈரம் தங்கி வெடிக்கும். ஒரு பக்கம் முன்னால் காய்ந்தால் வளைந்துவிடும். சுவரில் அடுத்தடுத்து உட்கார வேண்டிய நூற்றுக்கணக்கான துண்டுகளை, அதுவும் அதற்குமுன் மண்ணைத் தொட்டேயிராதவர்கள் கையால், இப்படி இடைவெளியில்லாமல் பொருத்துவது சாதாரண வேலை அல்ல. வரைபடத்தைப் பெரிதாக்கிக் கொடுத்து, உலர்வதைக் கண்காணித்து, உடைந்ததைத் திரும்பச் செய்யவைத்து, அத்தனையையும் நடத்தியிருக்கிறார் மேரி.

கட்டடத்தைச் சுற்றி ஓடும் பட்டையில் நான்கு பகுதிகள்: நம்பிக்கை, உண்மை, அன்பு, ஒளி. பறவைகள், கொடிகள், சிறகுகள் என்று ஒவ்வொன்றிலும் குறியீடுகள் நெருக்கியடிக்கின்றன. இவற்றை விளக்க மேரியே ஒரு சிறு நூல் எழுதினார். அந்த நூலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு குறியீடாகச் சரிபார்க்கிறவர்களையும் இன்று பார்த்தேன். நான் சும்மா சுற்றிச் சுற்றி வந்தேன். மாலை வெயில் சாய்ந்தபோது புடைப்புச் சிற்பங்களின் நிழல் நீண்டு முடிச்சுகள் இன்னும் ஆழமாகத் தெரிந்தன. பார்க்கப் போகிறவர்கள் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

1898 ஜூலை 1 அன்று வின்செஸ்டர் ஆயர் வந்து இதை அர்ப்பணித்தார். உள்ளே அப்போது வெறும் சுவர்தான். உள் வேலை பிறகு வந்தது. அதை நாளைக்காக வைத்திருக்கிறேன். இன்று கண் நிறைந்துவிட்டது.

வியாழன், காம்ப்டன்

சித்தி மகளும் இன்று விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். கணக்குத் துறையில் வேலை பார்க்கிறவள், கலை பற்றியெல்லாம் அதிகம் பேசமாட்டாள். அதனாலேயே அவள் என்ன சொல்வாள் என்று கேட்க ஆசைப்பட்டேன்.

கதவைத் தள்ளி உள்ளே போனதும் இருட்டு. கண் பழக ஒரு நிமிடம் ஆகிறது. பழகியதும் நாலாபுறமும் நிறம் எழுந்து வருகிறது. அடர்ந்த சிவப்பு, பச்சை, நீலம், அவற்றின் ஊடே பொன். கூரை உச்சிவரை வெற்றிடம் என்று எதுவுமே இல்லை. கீழே வாழ்வின் மரம் வேர்விட்டுக் கிளை பின்னி வட்டச் சுவர் முழுக்க ஓடுகிறது. அதற்கு மேலே ஆளுயரத் தேவதைகள், ஜோடி ஜோடியாக. ஒருவர் முகம் காட்டி நிற்கிறார், பக்கத்தில் இருப்பவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அவர்கள் பகல், இரவு. வளர்ச்சி, சிதைவு. உழைப்பு, ஓய்வு. வாழ்வு, சாவு.

"அக்கா, முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிற சாமிய நான் எங்கயுமே பாத்ததில்ல," என்றாள்.

நானும் பார்த்ததில்லை. இருளைக் கொடூரமான முகமாக வரைவதுதான் வழக்கம். மேரி அப்படிச் செய்யவில்லை. இருளும் தேவதைதான், அதன் முகம் நமக்குக் காட்டப்படவில்லை, அவ்வளவுதான். ஒரு கல்லறைத் தோட்டத்தில், அன்று காலையில் பிள்ளையையோ கணவனையோ புதைத்துவிட்டு உள்ளே வந்து உட்காரும் ஒருவருக்கு இதைவிட மரியாதையாக எதையும் சொல்லிவிட முடியாது.

செய்முறை பற்றி. இது சுவரில் தீட்டிய ஓவியம் அல்ல, சுடுமண்ணும் அல்ல. ஜெஸ்ஸோ என்ற சுண்ணக் கலவையில் செய்த புடைப்புச் சிற்பம். ஓவியப் பலகைக்கு அடிப்பூச்சாகப் போடும் வெள்ளைக் கலவைதான் ஜெஸ்ஸோ. அதையே நார் சேர்த்துக் கெட்டியாக்கினால் உருவங்களைத் திரட்டி எடுக்கலாம், காய்ந்தபின் வண்ணமும் பொன்னும் ஏற்றலாம். 1904இல் உள் வேலை முடிந்தபோது மேரிக்கு வயது 54. சில உதவியாளர்கள் இருந்தாலும் வெளிச்சுவரைப் போல ஊர் முழுக்கச் சேர்ந்து செய்த வேலை அல்ல. இங்கே பெரும்பாலும் மேரியின் கைதான்.

பலிபீடத்தில் இருக்கும் ஓவியம் மட்டும் கணவருடையது. சிறகு மூடிய பெரிய உருவம் ஒன்று மடியில் கோள்கள் மிதக்கும் உருண்டையை ஏந்தியிருக்கிறது. தன்னுடைய பழைய பெரிய ஓவியம் ஒன்றையே இந்த இடத்துக்காகச் சின்னதாக மறுபடி வரைந்து கொடுத்தார். அதே 1904இல், ஜூலை 1 அன்று, அவர் இறந்தார். சிற்றாலயம் அர்ப்பணிக்கப்பட்ட அதே தேதி, ஆறு ஆண்டுகள் கழித்து.

எனக்கு வெளிப்புறம்தான் பெரிய படைப்பு என்று தோன்றியது. உள்ளே நிறமும் பொன்னும் குறியீடும் ஒன்றையொன்று நெருக்குகின்றன, மூச்சுவிட இடம் வேண்டும் என்று கண் கேட்கிறது. அதைச் சொன்னதும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "வெளிய இருக்கிறது ஊருக்குக்கா. இது அவங்க தனக்குன்னு செஞ்சது. ஒரு தடவையாவது தன் இஷ்டத்துக்குச் செய்ய வேணாமா?" என்றாள். அவள் கேட்டது சரிதான். மேரி எழுதிய நாட்குறிப்புகளில் தன் திறமை மீது அவருக்கிருந்த சந்தேகம் திரும்பத் திரும்ப வருகிறது. மணமான பிறகு ஓவியம் வரைவதைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டார். உலகமே மேதை என்று கொண்டாடுகிற ஒருவர் பக்கத்து அறையில் வரைந்துகொண்டிருக்கும்போது தூரிகையைத் தொடுவது எளிதாக இருந்திருக்காது. அந்தப் பெண் இத்தனை பொன்னையும் சிவப்பையும் கூரைவரை ஏற்றியிருக்கிறார். இடம் விடாமல் நிரப்பியதைக் குறை சொன்னதை நான் திரும்ப யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் வெளிச்சுவர் மேல்தான் என் மனம் போகிறது.

வெளியே வந்து கல்லறைகளைப் பார்த்தோம். இங்கும் சுடுமண்தான் விசேஷம். மற்ற ஊர்களில் கருங்கல்லும் பளிங்கும் இருக்கும் இடத்தில் இங்கே மேரியின் மண்பாண்டக் குழுவினர் செய்த சிவந்த நினைவுச்சின்னங்கள் நிற்கின்றன. நூறு வருட மழையும் பனியும் தாங்கியும் எழுத்துகள் பல இடங்களில் அப்படியே கூர்மையாக இருக்கின்றன. நன்றாக வெந்த மண். மேட்டின் பின்பக்கம், மேரி கட்டிய தாழ்வாரம் ஒன்று கணவரின் நினைவாக. எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லியின் சாம்பலும் இந்தத் தோட்டத்தில்தான். 1963இல் கலிஃபோர்னியாவில் இறந்தவரின் சாம்பலை 1971இல் கொண்டுவந்து குடும்பக் கல்லறையில் சேர்த்தார்கள். அவருடைய அம்மா இந்த ஊரில் பெண்களுக்கான பள்ளி ஒன்றை நிறுவியவர். ஹக்ஸ்லி கல்லறையைத் தேடி வந்த இரண்டு மாணவர்கள் சிற்றாலயத்துக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் போனது எனக்கு வருத்தமாக இருந்தது.

வெள்ளி, காம்ப்டன்

இன்று வாட்ஸ் தம்பதி வாழ்ந்த வீடு, அப்புறம் கணவரின் ஓவியங்களுக்கான ஓவியக்கூடம்.

வீட்டின் பெயர் லிம்னர்ஸ்லீஸ். கட்டடக் கலைஞர் எர்னஸ்ட் ஜார்ஜ் வடிவமைத்து 1891இல் முடித்தது. லண்டன் குளிரும் புகையும் வயதான ஓவியருக்கு ஆகவில்லை. காம்ப்டனில் இருந்த நண்பர்கள் இங்கே வரச்சொன்னார்கள். திருமணம் நடந்தது 1886 நவம்பர் 20. அன்று அவருக்கு 69 வயது, மேரிக்கு 36. ஓவியருடைய முதல் திருமணம் பின்னாளில் புகழ்பெற்ற நடிகையான எலன் டெரியோடு நடந்தது. எலனுக்கு அப்போது 16 வயதுதான், ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை. மேரியோ விவரம் தெரிந்து, தானே ஒரு கலைஞராக இருந்து, விரும்பி வந்தவர். கணவரை அவர் அழைத்தது சின்யோர் என்று. கடைசிவரை அப்படித்தான்.

வழிகாட்டியோடு மட்டும்தான் வீட்டுக்குள் போகலாம். மேரி இறந்தபின் வீடு கைமாறி, பல பகுதிகளாகப் பிரிந்து, 2011இல்தான் ஓவியக்கூடத்தை நடத்தும் அறக்கட்டளைக்கு வந்தது. அவ்வளவு கைமாறியும் மேரியின் ஜெஸ்ஸோ கூரை தப்பியிருக்கிறது. பல பண்டைய நாகரிகங்களின், சமயங்களின் சின்னங்களைக் கட்டம் கட்டமாக அதில் செய்து வைத்திருக்கிறார். தேனிலவுக்கு எகிப்து, கிரீஸ், கான்ஸ்டான்டினோபிள் என்று சுற்றியவர்கள். அங்கே பார்த்தவையெல்லாம் இந்தக் கூரையில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. சுவரோரம் ஒரு சின்ன மாடம். சாயங்காலங்களில் அதில் சாய்ந்திருக்கும் கணவருக்கு மேரி புத்தகம் வாசித்துக் காட்டுவாராம். சிற்றாலயத்துக்கு முன்னோட்டம் இந்த வீடு. ஜெஸ்ஸோவை அவர் பழகிக்கொண்டது இங்கேதான் என்பது கூரையைப் பார்த்தாலே தெரிகிறது.

எங்கள் குழுவில் இருந்த ஒரு வயதான அம்மையார் வழிகாட்டியிடம் ஒரு கேள்வி கேட்டார். இவ்வளவு செய்தவர் ஏன் கணவரின் வரலாற்றை எழுதுவதில் தன் வயதைச் செலவழித்தார்? அது என் கேள்வியும்தான். 1912இல் மூன்று பாகங்களாகக் கணவரின் வாழ்க்கை வரலாற்றை மேரி வெளியிட்டார். அவருடைய ஓவியங்கள் ஒவ்வொன்றையும் தேடிப்பிடித்துப் பட்டியல் தொகுத்தார். அவருக்கென்று ஓவியக்கூடம் நடத்தினார். வழிகாட்டி சுருக்கமாக, அந்தக் காலம் அப்படி என்றார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. ஊர்க்காரர்கள் கையில் மண்ணைக் கொடுத்தவர், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்ட சங்கத்தின் காடல்மிங் கிளைக்குத் தலைவராக இருந்தவர், காலத்துக்குக் கட்டுப்பட்டு மட்டும் நடந்துகொண்டார் என்று எப்படிச் சொல்வது? அவருக்கு அந்த ஓவியங்களின் மேல் உண்மையிலேயே நம்பிக்கை இருந்தது. அடுத்தவர் கையிலிருந்து வரும் நல்லதைப் பார்த்து அதைக் காப்பாற்றுவது அவருடைய சுபாவம். அதே சுபாவம்தான் விவசாயக் கூலி வனைந்த சுடுமண் ஓட்டையும் திருத்தாமல் விட்டது. அதனால் அவருக்குக் கிடைத்த இழப்பையும் அதே மூச்சில் சொல்லத்தான் வேண்டும். தன்னைப் பற்றி எழுத அவருக்கு ஒரு மேரி கிடைக்கவில்லை.

ஓவியக்கூடம் பக்கத்தில்தான். 1904 ஏப்ரல் 1 அன்று திறந்தது, ஓவியர் இறப்பதற்கு மூன்று மாதம் முன்னால். மண்பாண்டத் தொழில் கற்க வந்த இளைஞர்களுக்கு விடுதியும் அதே கட்டடத்தோடு சேர்ந்திருந்தது. சிற்பக்கூடத்தில் கவிஞர் டென்னிசன் சிலைக்கும், கென்சிங்டன் பூங்காவில் நிற்கும் குதிரைவீரன் சிலைக்கும் முழு அளவு மாதிரிகள் கூரையை இடிப்பதுபோல நிற்கின்றன. ஓவியங்கள் நன்றாக இருந்தன. அவற்றைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள்.

நான் அதிக நேரம் செலவழித்தது மண்பாண்டங்களிடம். சிற்றாலயம் கட்டி முடிந்தும் வகுப்பு கலையவில்லை. கை பழகிவிட்டது, சூளை இருக்கிறது, ஏன் நிறுத்த வேண்டும் என்று மேரி அதைத் தொழிலாகவே மாற்றினார். காம்ப்டன் மண்பாண்டக் கலைஞர் குழு என்று அமைத்து, பூந்தொட்டி, சூரியக் கடிகாரம், தோட்டச் சிற்பம் எல்லாம் செய்து விற்றார்கள். லண்டனின் லிபர்ட்டி கடையில் இவை கிடைத்தன. அதே கடைக்கு மேரி கம்பளங்களும் வடிவமைத்தார். கூழைக்கடா உருவம் போட்ட கம்பளம் அவற்றில் பெயர்பெற்றது. வேலையில்லாமல் நகரத்துக்கு ஓடிக்கொண்டிருந்த கிராமத்து இளைஞர்களுக்கு ஊரிலேயே கூலி கிடைத்தது. மேரி 1938இல் இறந்தபின்னும் குழு நடந்து, 1950களில்தான் மூடப்பட்டது. விக்டோரியா காலத்தில் கைத்தொழில் புத்துயிர் பெற வேண்டும் என்று பேசியவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய பொருள்கள் பெரும்பாலும் பணக்காரர்களின் வரவேற்பறைக்குப் போய்ச் சேர்ந்தன. மேரியின் தொட்டிகளும் பணக்காரத் தோட்டங்களுக்குத்தான் போயின, மறுக்கவில்லை. ஆனால் செய்தவர்கள் ஐம்பது வருடத்துக்கும் மேல் அதில் சாப்பிட்டார்கள்.

பழைய மண்பாண்டக் கூடத்தில் இப்போது தேநீர்க்கடை. சூடான ஸ்கோனும் டீயும் நன்றாக இருந்தன.

சனி, காம்ப்டன், பிறகு லண்டன்

கிளம்புவதற்கு முன் ஊரின் பழைய தேவாலயமான செயின்ட் நிக்கலஸுக்குப் போனேன். இடுகாடு நிரம்பிய கதை தொடங்கியது இங்கேதான். கோபுரம், பதினோராம் நூற்றாண்டில் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்களுக்கும் முந்தையது. பலிபீடப் பகுதி இரண்டு அடுக்காக இருப்பது இங்கிலாந்தில் மிக அரிது. மேல் அடுக்கின் முன்னால் இருக்கும் மரத்தடுப்பு நார்மன் காலத்தது, இந்த நாட்டில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய மரவேலைகளில் ஒன்று என்கிறார்கள். ஒற்றைப் பலகையிலிருந்து வளைவு வளைவாகச் செதுக்கியிருக்கிறார்கள். மேரி இந்தத் தேவாலயத்துக்கு வரும்போதெல்லாம் அதைப் பார்த்திருப்பார்.

காம்ப்டன் போக நினைப்பவர்களுக்குச் சில விவரம். வாட்டர்லூ அல்லது கில்ஃபோர்டிலிருந்து ஒரே நாளில் போய்வரலாம், ஆனால் இரண்டு நாள் ஒதுக்கினால் நல்லது. சிற்றாலயத்துக்குக் கட்டணம் இல்லை. அது இன்றும் பயன்பாட்டில் இருக்கும் கல்லறைத் தோட்டம், அதனால் அடக்கம் நடக்கும் நேரத்தில் ஒதுங்கி நில்லுங்கள். ஓவியக்கூடத்துக்கு டிக்கெட் உண்டு. லிம்னர்ஸ்லீஸுக்கு முன்கூட்டியே பதிவுசெய்யுங்கள், இடம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. சிற்றாலயத்தின் உள்ளே வெளிச்சம் மிகக் குறைவு என்பதால் வெயில் உள்ள நாளாகப் பார்த்துப் போங்கள். நேரம் ஒரு மணிதான் இருக்கிறது என்றால் ஓவியக்கூடத்தை விட்டுவிட்டு நேராக அந்தச் சிவப்புச் சுவருக்குப் போய், வாசல் வளைவில் இருக்கும் முகங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.